கே பத்திரிகை இன்னும் எதுக்கு டாக்டர்?

இது கொஞ்சம் நீளமான இழை. நேரம் இருக்கும்போது படிங்க.

சில மாசத்துக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கிளினிக் மூடப்போற நேரத்தில் ஒரு இளைஞர் வந்தார். வயசு இருபதுகளில். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாத்தியிருக்கேன். அவர் படிச்சுப் பாத்து சரின்னு சொன்ன பிறகுதான் போடறேன்.) உட்கார்ந்ததும் தரையைப் பாத்துக்கிட்டே சொன்னார்: "ஆணுறை கிழிஞ்சிடுச்சு டாக்டர்."

"எப்போ?"

"திங்கட்கிழமை ராத்திரி."

மனசுக்குள்ளே விரல்விட்டு எண்ணினேன். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. நேரம் கடந்துபோச்சு.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். எச்ஐவி தொற்ற வாய்ப்புள்ள உடலுறவு நடந்துவிட்டால், 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட்டால் தொற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். இதற்கு பெப் என்று பெயர். முதல் நாளே தொடங்குவது இன்னும் நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பலனை எதிர்பார்க்க முடியாது என்பதால் பொதுவாக அந்த மருந்தைக் கொடுப்பதில்லை. பரிசோதனை செய்துவிட்டு, காத்திருந்து, திரும்பவும் பரிசோதனை செய்யவேண்டியதுதான்.

"இந்த நாலஞ்சு நாளா என்ன பண்ணீங்க?"

ரீல்ஸ் பாத்தாராம். ஒருத்தர் ஒரு தடவையில ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னார். இன்னொருத்தர் மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுங்க, அதுவரைக்கும் கவலைப்படாதீங்கன்னார். மூணாவது ஆள் ஏதோ கஷாயம் வித்தார். 72 மணி நேரக் கணக்கை ஒருத்தரும் சொல்லலை.

"உங்களுக்குன்னே எழுதற பத்திரிகை, இணையதளமெல்லாம் இருக்கே, எதுவும் படிக்கறதில்லையா?"

அந்த நிலைமையிலும் சிரிச்சுட்டார். "கே பத்திரிகையா? அதெல்லாம் அந்தக் காலத்து அங்கிளுங்களுக்கு டாக்டர். எங்களுக்கு எதுக்கு? 377 போயாச்சு. ஓடிடி பூரா எங்க கதைதான். ஜூன் மாசம் வந்தா இங்கிலீஷ் பேப்பர்ல எங்க படம்தான்."

அவர் சொன்னது தப்புன்னு எனக்கு உடனே தோணலை. பரிசோதனை முடிவு என்ன ஆச்சுன்னு நான் சொல்லப்போறதில்லை, அது அவரோட விஷயம். ஆனா அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகலை. அதனால இந்த இழை. கதை பெரும்பாலும் அமெரிக்காவில் நடக்கும். அங்கேதான் இந்த வரலாறு அதிகமா பதிவாகியிருக்கு. அதோட என் தொழிலும் அந்த வரலாற்றில் வசமா மாட்டியிருக்கு.

முதலில் ஒரு வார்த்தை விஷயம். நம்ம செய்தித்தாள்கள் பல வருஷமா 'ஓரினச்சேர்க்கையாளர்' என்றே எழுதுகின்றன. படுக்கையில் நடக்கும் ஒரு செயலின் பெயரை ஒரு முழு மனிதருக்குச் சூட்டும் வேலை அது. இங்கே நான் தன்பாலீர்ப்பு, கே என்ற சொற்களையே பயன்படுத்துறேன்.

1947க்குப் போவோம். லாஸ் ஏஞ்சலீஸில் ஆர்கேஓ என்ற சினிமா கம்பெனி. அங்கே ஈடித் ஐட் என்ற இளம்பெண் செயலாளர் வேலை பார்த்தார். அலுவலகத்தில் வேலை குறைவு. ஆனாலும் சும்மா உட்கார்ந்திருப்பது தெரியக்கூடாது என்பது மேலாளரின் எதிர்பார்ப்பு. டைப்ரைட்டரில் கார்பன் தாள்களைச் செருகி, பெண்களை நேசிக்கும் பெண்களுக்காக 'வைஸ் வெர்ஸா' என்றொரு பத்திரிகையை அடித்தார். அதையே திரும்ப ஒருமுறை. மொத்தம் ஒரு டஜன் பிரதிக்கு மேல் இல்லை. தோழிகளிடம் கொடுத்து, படித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுங்கள் என்றார். ஒன்பது இதழ்கள் வந்தன. பின்னாளில் அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் லிசா பென். ஆங்கிலத்தில் எழுத்துகளை மாற்றிப்போட்டால் 'லெஸ்பியன்' என்று வரும். குறும்புக்காரப் பெண்மணி.

அதே ஊரில் 1953 ஜனவரியில் 'ஒன்' என்ற இதழ் தொடங்கியது. விலை 25 சென்ட். 1954 அக்டோபர் இதழை ஆபாசம் என்று சொல்லி அஞ்சல் துறை பிடித்துவைத்தது. பணமில்லாத அந்தச் சின்னக் கூட்டம் வழக்குப் போட்டது. கீழே இரண்டு நீதிமன்றத்திலும் தோற்றது. 1958 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வாதத்தைக்கூடக் கேட்காமல் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தன்பாலீர்ப்பு பற்றி எழுதுவது மட்டுமே ஆபாசம் ஆகாது, தபாலில் அனுப்பலாம் என்ற நிலை அப்படித்தான் வந்தது. 1967இல் 'தி அட்வகேட்' வந்தபோது முதல் 500 பிரதிகளும் ஏபிசி தொலைக்காட்சி அலுவலகத்தின் அடித்தளத்தில் நிர்வாகத்துக்குத் தெரியாமல் அச்சானவை. பெரிய நிறுவனத்தின் இயந்திரத்தைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தித்தான் இந்தப் பத்திரிகைகள் பிறந்திருக்கின்றன போல.

இதுவரைக்கும் சொன்னது வீரக்கதை. நம்ம இளைஞர் இதைக் கேட்டால் "ஓகே டாக்டர், பெரியவங்களுக்கு நன்றி, இப்போ எங்களுக்கு எதுக்கு?" என்பார். நியாயம். தடை நீங்கிய பிறகு எதுக்கு? அதற்கு 1981க்கு வரணும்.

நியூயார்க்கில் 'நியூயார்க் நேட்டிவ்' என்றொரு கே பத்திரிகை, 1980 டிசம்பரில் தொடங்கியது. அதில் லாரன்ஸ் மாஸ் என்ற மருத்துவர் எழுதிக்கொண்டிருந்தார். 1981 வசந்தத்தில் அவர் காதுக்கு ஒரு வதந்தி வந்தது. நகரத்தில் கே ஆண்கள் சிலர் ஏதோ விசித்திரமான நோயால் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கிடக்கிறார்கள் என்று. மாஸ் என்ன செய்தார்? போனை எடுத்தார். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி வரைக்கும் விசாரித்தார். அந்த வதந்தி பெரும்பாலும் ஆதாரமற்றது என்று பதில் வந்தது. மே 18 இதழில் அதையே எழுதினார். நோய் வதந்திகள் பெரும்பாலும் ஆதாரமற்றவை என்பதே தலைப்பின் பொருள்.

18 நாள் கழித்து, ஜூன் 5, சிடிசியின் வாராந்தர அறிக்கை வெளியானது. லாஸ் ஏஞ்சலீஸில் ஐந்து இளம் ஆண்களுக்கு நியூமோசிஸ்டிஸ் நிமோனியா. ஐந்து பேரும் தன்பாலீர்ப்பாளர்கள். இரண்டு பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். நல்ல எதிர்ப்பு சக்தி உள்ளவர்களுக்கு வரவே வராத நிமோனியா அது. பின்னாளில் எய்ட்ஸ் என்று நாம் அழைத்த நோயின் முதல் மருத்துவப் பதிவு அதுதான்.

ஆக, இந்த நோய் பற்றி உலகிலேயே முதலில் அச்சான செய்தி ஒரு கே பத்திரிகையில் வந்தது. அந்தச் செய்தியின் சாரம் தப்பு. இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கு.

ஆனா மாஸ் அதோட நிறுத்தலை. அதே கோடையில் விரிவாக எழுதினார். அடுத்தடுத்த வருஷங்களிலும் எழுதினார். தெரியாததைத் தெரியாது என்றார், மாறியதை மாறியது என்றார். 1982 தொடக்கத்தில் எழுத்தாளர் லாரி கிரேமரின் வீட்டில் கூடி கே மென்ஸ் ஹெல்த் கிரைசிஸ் அமைப்பைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். தப்பா எழுதியவர் மறுபடி அதே பக்கத்தில் வந்து நிற்பது சாதாரண விஷயமில்லைங்க. எங்க தொழிலிலேயே அது அபூர்வம்.

அந்த நேரத்தில் பெரிய பத்திரிகைகள் என்ன செய்தன? நியூயார்க் டைம்ஸ் 1981 ஜூலை 3 அன்று 41 தன்பாலீர்ப்பு ஆண்களுக்கு அரிய புற்றுநோய் என்று உள்பக்கத்தில் ஒரு செய்தி போட்டது. நல்ல செய்திதான், எழுதியவரும் மருத்துவர்தான். ஆனால் இந்த நோய் அந்தப் பத்திரிகையின் முதல் பக்கத்துக்கு வர 1983 மே 25 வரைக்கும் ஆச்சு. அதற்குள் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கானோர் இறந்திருந்தார்கள். 1982 இலையுதிர் காலத்தில் சிகாகோ பகுதியில் யாரோ டைலினால் மாத்திரையில் சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தார்கள். அது உடனே முதல் பக்கம், தினம் தினம் செய்தி. ஏழு உயிர் பெரிசில்லைன்னு சொல்லலை. யார் செத்தால் செய்தி என்பதை யார் தீர்மானித்தார்கள் என்றுதான் கேட்கிறேன். 'கே' என்ற சொல்லையே அந்தப் பத்திரிகை தன் நடையில் அனுமதித்தது 1987இல்தான்.

இடையில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நர்ஸ் இருந்தார், பாபி காம்ப்பெல். காலில் கபோசி சார்கோமா புண்கள். அவற்றைப் படம் எடுத்து, காஸ்ட்ரோ தெரு மருந்துக்கடையின் கண்ணாடியில் ஒட்டினார். இப்படி ஏதாவது தெரிந்தால் மருத்துவரிடம் போங்கள் என்று அறிவிப்பு. 1981 டிசம்பரில் இருந்து 'சான் பிரான்சிஸ்கோ சென்டினல்' என்ற கே பத்திரிகையில் தன் நோயைப் பற்றியே தொடர் எழுதினார். முகமில்லாத நோயாளிகளாக மற்ற பத்திரிகைகள் எழுதிய காலத்தில் இவர் பெயர் போட்டு எழுதினார். 1984 ஆகஸ்டில் இறந்தார், வயசு 32. கடைக் கண்ணாடியில் ஒட்டிய அந்தப் படங்களை நினைச்சா, எங்க மருத்துவக் கல்லூரியில் தோல் நோய்களுக்கு ஸ்லைடு போட்டது ஞாபகம் வருது. அந்த ஸ்லைடுகளில் கண்ணை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை இருக்கும்.

1983 மார்ச்சில் லாரி கிரேமர் நேட்டிவில் நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். தலைப்பிலேயே அன்றைய நோயாளி எண்ணிக்கை: 1,112, இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்ற பொருளில். அரசு, மேயர், மருத்துவமனைகள், டைம்ஸ் என்று யாரையும் அவர் விடவில்லை. முக்கியமாகத் தன் வாசகர்களையும் விடவில்லை. மற்ற ஊர்களின் கே பத்திரிகைகளும் அதை எடுத்து மறுபடி அச்சிட்டன. அதற்கு முன்பே 1981இல் அவர் எழுதியபோது, நாடக ஆசிரியர் ராபர்ட் செஸ்லி அதே பத்திரிகைக்குக் கடிதம் போட்டார்: கிரேமர் நோயைச் சாக்காக வைத்துக் காமத்தின் மேல் இருக்கும் வெறுப்பைக் கக்குகிறார் என்ற தொனியில். வாரக்கணக்கில் கடிதச் சண்டை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்க. இந்தச் சண்டை டைம்ஸில் நடந்திருக்க முடியுமா? படுக்கைப் பழக்கத்தை மாத்திக்கணுமா வேண்டாமா என்று கே ஆண்கள் தங்களுக்குள் கத்திக்கொள்ள ஒரு இடம் வேணும். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும் மேடையில் அதைப் பேசினால், மறுநாள் எவராவது ஒரு வரியை உருவி "பாத்தியா, அவனே ஒத்துக்கிட்டான்" என்று சட்டசபையில் வாசிப்பான். வீட்டுக்குள் சொல்லவேண்டிய கடுமையான வார்த்தையை வீட்டுக்குள்தான் சொல்லமுடியும். நம்ம குடும்பங்களில் இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே?

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. மைக்கேல் காலன் ஒரு பாடகர். ரிச்சர்ட் பெர்கோவிட்ஸ் பாலியல் தொழில் செய்துவந்தவர். இருவரும் ஜோசப் சொன்னபெண்ட் என்ற மருத்துவரின் நோயாளிகள். 1982 நவம்பரில் நேட்டிவில் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதி ஏகப்பட்ட வசவு வாங்கினார்கள். 1983 மே மாதம், சொன்னபெண்ட் உதவியோடு 40 பக்கச் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார்கள், கொள்ளை நோய்க் காலத்தில் உடலுறவு கொள்வது எப்படி என்று. பாரிஸ் விஞ்ஞானிகள் வைரஸைக் கண்ட கட்டுரை வெளிவந்ததும் அதே மாதம்தான், ஆக இவர்கள் கையில் அந்தத் தகவல் இல்லை. ஒரே புதுக் கிருமி என்பதை நம்பாமல், பல தொற்றுகள் திரும்பத் திரும்பத் தாக்குவதுதான் காரணம் என்று நினைத்தார்கள். தப்பு. ஆனால் விந்து உடலுக்குள் போகாமல் தடுங்கள், ஆணுறை போடுங்கள் என்ற அறிவுரை நூற்றுக்கு நூறு சரி. காரணம் தெரியாமலே தடுப்பைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எது எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று ஒவ்வொரு செயலாகப் பெயர் சொல்லி, நேசிப்பவர்களிடம் பேசும் தொனியில் எழுதினார்கள். அப்படி எழுத அன்றைய எந்த அரசுத் துண்டறிக்கைக்கும் தைரியம் இல்லை. "உடல் திரவங்கள்" என்று மூடி மூடிப் பேசினால் எச்சில் பட்டாலே வருமோ என்று ஜனங்கள் பயப்படத்தான் செய்வார்கள், பயந்தார்கள்.

சரி, அப்போ கே பத்திரிகைன்னா புனிதமா? கிடையவே கிடையாது. இதே நியூயார்க் நேட்டிவின் கடைசிக் காலத்தைப் பாருங்க. ஆசிரியர் சார்லஸ் ஆர்ட்லெப், எய்ட்ஸுக்கு எச்ஐவி காரணமே இல்லை என்ற பக்கம் சாய்ந்தார். பன்றிகளுக்கு வரும் ஆப்பிரிக்கக் காய்ச்சல் வைரஸ்தான் காரணம் என்று இதழ் இதழாக எழுதினார். அப்புறம் வேற வேற கோட்பாடுகள். எய்ட்ஸுக்காகத் தெருவில் இறங்கிப் போராடிய ஆக்ட் அப் ஆட்களே அந்தப் பத்திரிகையைப் புறக்கணித்தார்கள். 1997 ஜனவரியில் மூடிவிட்டார்கள். முதல் செய்தி போட்ட பத்திரிகை, நோயாளிகளைக் குழப்பிய பத்திரிகையாகச் செத்தது. சந்தேகப்படுவது பழக்கமாகி, எல்லாரையும் சந்தேகித்து, கடைசியில் உண்மையையும் சந்தேகிக்கும் வியாதி அது. வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் பார்க்கிறேன்.

ஆனால் அதைத் தட்டிக்கேட்டதும் வாசகர்கள்தான். பத்திரிகைக்கு ஒரு முகவரி இருந்தது, போய்ச் சண்டை போட ஒரு கதவு இருந்தது. கஷாயம் வித்த அந்த ரீல் மனிதரின் கதவு எங்கே இருக்கு?

1996இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. சாவு குறைந்தது. சான் பிரான்சிஸ்கோவின் 'பே ஏரியா ரிப்போர்ட்டர்' வருஷக்கணக்கில் வாராவாரம் எய்ட்ஸ் இரங்கல் குறிப்புகளைப் படத்தோடு போட்டுவந்த பத்திரிகை. 1998 ஆகஸ்ட் 13 இதழின் தலைப்பு, இரங்கல் குறிப்பு எதுவும் இல்லை என்பதுதான். அந்த வாரம் ஒன்றுகூட வரவில்லை. அந்தக் குறிப்புகளைப் பின்னாளில் இணையத்தில் தேடும்படி தொகுத்திருக்கிறார்கள். வீட்டார் ஒளித்த சாவுகள் பல அதில் பெயரோடு இருக்கின்றன.

இனி நம்ம இளைஞரின் காலம். 2009ஐ எடுத்துக்கோங்க. அந்த வருஷம் கிரைண்டர் செயலி வந்தது. அதே வருஷம் நவம்பரில், வாஷிங்டனில் 40 வருஷமாக வந்துகொண்டிருந்த 'வாஷிங்டன் பிளேடு' பத்திரிகையை நடத்திய நிறுவனம் திவாலாகி ஒரே நாளில் இழுத்து மூடியது. ஊழியர்கள் நாலே நாளில் வேறு பெயரில் பத்திரிகை கொண்டுவந்து, அடுத்த வருஷம் பழைய பெயரையும் மீட்டது தனிக்கதை. இங்கே முக்கியமானது விளம்பரம். துணை தேடும் வரி விளம்பரங்கள், மது விடுதி விளம்பரங்கள், இதெல்லாம்தான் கே பத்திரிகைகளுக்குச் சோறு போட்டன. செயலி வந்ததும் அந்த ஆட்கள் அங்கே போனார்கள், காசும் போனது. ஆசிரியர் குழு மட்டும் நடுத்தெருவில் நின்றது.

செயலியே பத்திரிகை நடத்தினால் என்ன? நடத்திப் பார்த்தார்கள். கிரைண்டர் 2017இல் 'இன்டு' என்ற இதழைத் தொடங்கியது. உருப்படியான செய்தியாளர்கள் இருந்தார்கள். 2018 இறுதியில், திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்ற தொனியில் தங்கள் சொந்த நிறுவனத் தலைவரே எழுதிய பதிவைச் செய்தியாக்கினார்கள். 2019 ஜனவரியில் ஆசிரியர் குழுவையே வீட்டுக்கு அனுப்பிவிட்டது நிறுவனம், வீடியோவுக்கு மாறுகிறோம் என்று காரணம் சொல்லி. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டான்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

அதே கிரைண்டர் பயனாளர்களின் எச்ஐவி நிலையை இரண்டு வெளி நிறுவனங்களுடன் பகிர்ந்துவந்தது 2018 ஏப்ரலில் அம்பலமானது. பிறகு நிறுத்திக்கொண்டார்கள். ஒரு நோயாளியின் எச்ஐவி நிலையை நான் வெளியே சொன்னால் சட்டப்படி குற்றம். செயலி செய்தால் "மென்பொருளை மேம்படுத்தினோம்".

இதுக்காக இளைஞர்களைத் திட்ட மாட்டேன். பழைய பத்திரிகைகளிலும் குறை ஏராளம். வழவழ தாளில் வந்த கே மாத இதழ்களைப் புரட்டினால் வெள்ளைத்தோல், ஆறு கட்டு வயிறு, விலையுயர்ந்த உள்ளாடை. பெண்கள் குறைவு, திருநர்கள் அதைவிடக் குறைவு. 'வெளியே வந்த கதை' நூறு தடவை. அது எனக்கு வேண்டாம்னு ஒரு 24 வயசுக்காரர் சொன்னா, நானும் வேண்டாம்னுதான் சொல்வேன்.

அப்போ எது வேணும்? 2015, லண்டன். கிரெக் ஓவென் என்பவர் பிரெப் எடுக்க நினைத்தார். எச்ஐவி வராமல் இருக்க முன்கூட்டியே சாப்பிடும் மாத்திரை அது. அமெரிக்காவில் 2012இலேயே அனுமதித்துவிட்டார்கள். இங்கிலாந்தில் அரசு மருத்துவமனையில் கிடைக்காது. தொடங்குவதற்கு முன் பரிசோதனை செய்தால், அவருக்கு ஏற்கெனவே தொற்று. அந்த அக்டோபரில் நண்பரோடு சேர்ந்து ஒரு இணையதளம் தொடங்கினார். குறைந்த விலை ஜெனரிக் மாத்திரையைச் சொந்த உபயோகத்துக்குச் சட்டப்படி எப்படி வாங்குவது, எந்தக் கடை நம்பகமானது, என்னென்ன பரிசோதனை செய்யணும், எல்லாம் நேரடியாக. அந்த மாத்திரைகளில் பல நம்ம நாட்டு மருந்துக் கம்பெனிகள் தயாரித்தவை. டாக்டர் மாக்ஸ் போர்ட்மன் போன்ற மருத்துவர்கள் கூட நின்றார்கள். லண்டன் கிளினிக்குகள் வாங்கியவர்களின் ரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதித்து, போலி இல்லை என்று உறுதிசெய்தன. 2016இல் லண்டனின் பெரிய பாலியல் நலக் கிளினிக்கான 56 டீன் ஸ்ட்ரீட்டில் புதுத் தொற்றுகள் முந்தைய வருஷத்தைவிடச் சுமார் 40 சதவீதம் குறைந்தன. அடிக்கடி பரிசோதனை, உடனடி சிகிச்சை, பிரெப் மூன்றும் சேர்ந்த விளைவு அது. ஒரு தளத்தின் சாதனை மட்டும்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம். ஆனா இங்கிலாந்து அரசு வழக்கமான சேவையாக பிரெப் கொடுக்கத் தொடங்கியது 2020இல். நடுவில் இருந்த அந்த வருஷங்களில் வழி காட்டியது யார்?

2022இல் எம்பாக்ஸ் வந்தபோதும் இதே கதை கொஞ்சம் மாறி நடந்தது. 16 நாடுகளில் 528 நோயாளிகளைப் பார்த்த ஆய்வில் 98 சதவீதம் பேர் கே அல்லது இருபாலீர்ப்பு ஆண்கள். சிலருக்குப் பிறப்புறுப்பில் ஒரே ஒரு புண்தான், பாடப்புத்தகப் படம் போல உடம்பெல்லாம் இல்லை. ஆனால் பொது ஊடகத்திலும் அரசுத் தரப்பிலும் பலர் களங்கம் வந்துவிடுமோ என்று பயந்து "இது யாருக்கும் வரலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நல்லெண்ணம்தான். ஆபத்தில் இருப்பவருக்கு மட்டும் அந்த நல்லெண்ணத்தால் தகவல் போய்ச்சேரவில்லை. "இது இப்போ நம்ம கூட்டத்தில் சுத்துது, கொஞ்ச நாள் குறைச்சுக்கோங்க, ஊசி இங்கே கிடைக்குது" என்று பச்சையாகச் சொன்னவர்களில் கே எழுத்தாளர்கள் முன்னால் நின்றார்கள். அந்த ஆகஸ்டில் அமெரிக்காவில் எடுத்த ஆய்வில், ஏறத்தாழ பாதிப் பேர் துணைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். நியாயமாகச் சொல்லணும்னா, கிரைண்டரும் எச்சரிக்கைச் செய்தி அனுப்பியது. செயலியால் முடியாதுன்னு இல்லை. முதலாளி மனசு வைக்கணும், அவ்வளவுதான்.

இந்தியாவுக்கு வந்தால், மும்பையில் அசோக் ராவ் கவி 1990இல் 'பாம்பே தோஸ்த்' தொடங்கினார். இங்கே சென்னையில் தன்னார்வலர்கள் நடத்தும் 'ஓரினம்' தளம் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவருகிறது. இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றை 1986இல் கண்டறிந்ததும் இதே சென்னையில்தான், டாக்டர் சுனிதி சாலமனின் குழு. ஆக இந்த விஷயத்தில் நமக்கு வரலாறு இல்லைன்னு யாரும் சொல்லமுடியாது.

ஆனா என் சொந்த வாக்குமூலம் ஒண்ணு இருக்கு. நான் எம்பிபிஎஸ் படிச்சப்போ, தன்பாலீர்ப்பு பற்றி நாங்கள் படித்த ஒரே இடம் தடயவியல் மருத்துவப் புத்தகம், அதுவும் இயற்கைக்கு மாறான குற்றங்கள் என்ற அத்தியாயத்தில். அதை மனப்பாடம் செய்து மார்க்கும் வாங்கினேன். 2021இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு பெண் ஜோடியின் வழக்கில் உத்தரவு போட்ட பிறகுதான் தேசிய மருத்துவ ஆணையம் பாடநூல்களைத் திருத்தச் சொன்னது. 'குணப்படுத்தும் சிகிச்சை' என்ற பெயரில் நடக்கும் கொடுமையைத் தொழில்முறைத் தவறு என்று 2022இல் அறிவித்தது. 2024இல் புதுப் பாடத்திட்டத்தில் பழைய குப்பையையே திரும்பச் சேர்த்து, எதிர்ப்பு வந்ததும் சில நாளில் வாபஸ் வாங்கினார்கள். ஆக, "ரீல்ஸை நம்பாதே, டாக்டரை நம்பு" என்று அந்த இளைஞரிடம் சொல்ல எனக்கே கூச்சமா இருந்தது. அவர் ஏன் முதல் நாளே என்கிட்ட வரலை தெரியுமா? போன வருஷம் வேறொரு மருத்துவர்கிட்ட போயிருக்கார். உடம்பைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "சீக்கிரம் கல்யாணம் பண்ணிக்கோ" என்றாராம்.

முதல் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த அன்று அவர் கேட்டார்: "இந்த 72 மணி நேர விஷயத்தைத் தமிழ்ல, எங்களுக்குப் புரியற மாதிரி யாராவது எழுதியிருக்காங்களா டாக்டர்?" எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று இணைப்புகளை அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்தது. ஒன்றரைப் பக்கம். அவரே எழுதியது. ஆணுறை கிழிந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்யணும், எந்த மாதிரி ஆஸ்பத்திரிக்குப் போகணும், அங்கே கூச்சமில்லாமல் என்ன கேட்கணும், டாக்டர் கல்யாண அறிவுரை சொன்னா எப்படி எழுந்து வரணும். அவங்க நண்பர்கள் குழுவில் பதினொரு பேராம், முதலில் அங்கே போடப்போறாராம். "தப்பு இருந்தா திருத்துங்க டாக்டர்" என்று ஒரு வரி.

மூணு இடத்தில் திருத்தினேன். 28 நாளை 21 என்று எழுதியிருந்தார். 'உடல் திரவம்' என்று இருந்ததை அடித்துவிட்டு விந்து, ரத்தம் என்று பெயரைச் சொல்லி எழுதச் சொன்னேன். கடைசியில் உங்க பெயர் போட முடியாட்டி பரவாயில்லை, ஆனா கேள்வி கேட்க ஒரு மெயில் முகவரி போடுங்கன்னேன்.

மறுநாள் காலையில் முகவரியோடு திரும்ப அனுப்பியிருந்தார்.